பான் கார் சேஸிஸ் செட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பான் கார் என்பது எது? மற்ற ரிமோட் பந்தய வண்டிகளுக்கான செட்டிங் இதற்குப் பொருந்தாதா?

பெரும்பாலும் பொருந்தாது. டூரிங் கார் என்ற இன்னொரு வகை ரிமோட் பந்தய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக் (அதிர்வுதாங்கி) இருக்கும். பான் காரில் தட்டையான ஒரு கார்பன் தகடுதான் உடம்பு. அதன் முனையில் இரண்டு சிறிய முன் கைகள், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் குட்டி ஸ்பிரிங்குகள். பின்னால் மோட்டார், ஆக்ஸில், டிஃப் (இரு பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) மூன்றையும் சுமக்கும் தனிப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பாட். சேஸிஸோடு அது நடுவில் ஒரு பந்து மூட்டாலும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைடு லிங்க் கம்பிகளாலும் இணைந்திருக்கும். பழைய வண்டிகளில் இந்த வேலையை டி வடிவ ஃபைபர் தகடு ஒன்று வளைந்து வளைந்து செய்தது. 1982-ல் 1/12 அளவுக்கு (நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு) முதல் உலகப் போட்டி நடந்த காலத்திலிருந்து இன்றுவரை எவ்வளவோ மாறியிருந்தாலும், பின்னால் மட்டும் தனியாக அசையும் ஒரு பெட்டி என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

பாட் இரண்டு விதமாக அசையும். சேஸிஸ் இடம் வலமாகச் சாயும்போது ஓர் அசைவு. அதைக் கவனிப்பவை சைடு ஸ்பிரிங்குகளும், சாய்வின் வேகத்தை அடக்கும் மசகுக் குழாய்களான டேம்பர் டியூப்களும். வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் முன் பின்னாக இன்னோர் அசைவு. அது சென்டர் ஷாக்கின் பொறுப்பு. இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

வண்டி சரியாக ஓடவில்லை. எந்த ஸ்பிரிங்கை முதலில் மாற்றலாம்?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் பாட் தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள். செட்டிங் கேட்டு வருகிறவர்களின் வண்டியை வாங்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் எங்கோ ஒரு மூட்டு பிடித்துக்கொண்டிருக்கும். பிடிக்கிற மூட்டோடு ஸ்பிரிங் மாற்றினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு விடை கிடைக்கும், பொழுதுதான் வீணாகும்.

சோதிக்கும் விதம் இது. சென்டர் ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். சைடு ஸ்பிரிங்குகளையும் டியூப்களையும் எடுத்துவிடுங்கள். சேஸிஸைக் கையில் பிடித்துக்கொண்டு பாட் பெட்டியை விரலால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே சத்தமில்லாமல் கீழே விழ வேண்டும். இடம் வலமாகச் சாய்த்தாலும் அதே மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவழியில் நின்றால் நடுப் பந்தையும் லிங்க் முனைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அசைவு விடுபடுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் டிராக்கில் விரித்திருக்கும் கார்பெட்டின் நூல் பந்தில் சுற்றியிருக்கும், அல்லது மோதலில் பந்துக் கிண்ணம் நசுங்கியிருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம் புதிதாக இருந்து இறுக்கமாக இருந்தால், பிளையரால் பக்கவாட்டில் மெல்ல ஒரு தடவை அழுத்தி விட்டாலே இளகிவிடும். அதற்கு மேல் அழுத்தினால் ஆட்டம் கொடுத்துவிடும், கவனம்.

இரண்டு சைடு லிங்க்குகளும் ஒரே நீளமா என்று காலிப்பரில் அளந்துவிடுங்கள். ஒன்று நீளமாக இருந்தால் பின் ஆக்ஸில் கோணலாக நிற்கும், நேர்ச் சாலையில்கூட வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ட்வீக் என்றால் என்ன? எப்படிச் சரி செய்வது?

நான்கு கால் நாற்காலியில் ஒரு கால் குட்டையானால் ஆடும் அல்லவா, அதுதான் ட்வீக். பாட் ஒரு பக்கம் முறுகி நின்றால் முன் சக்கரங்களில் ஒன்று அதிகமாகத் தரையை அழுத்தும், மற்றது மிதக்கும். இடது திருப்பத்தில் அருமையாகப் போகிற வண்டி வலது திருப்பத்தில் வாலை வீசும்.

பார்ப்பதற்கு ட்வீக் போர்டு (இதை அளப்பதற்கென்றே உள்ள பலகை) கட்டாயமில்லை. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று போதும், ஆனால் அது சமமட்டமாக இருக்க வேண்டும். வண்டியில் பேட்டரி உட்பட எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். இடது, வலது டயர் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அளப்பதே பொய். முதலில் சைடு ஸ்பிரிங் திருகுகளை, ஸ்பிரிங் தட்டைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். வண்டியைக் கையால் அமுக்கி விட்டு அதன் போக்கில் உட்கார விடுங்கள். பிறகு சேஸிஸின் முன் விளிம்பில் சரியாக நடுவில் ஒரு கத்தி முனையை வைத்து மிக மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நொடியில் தரையை விட வேண்டும். ஒன்று பின்தங்கினால், அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஸ்பிரிங் திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, எதிர்ப் பக்கத்தை அதே அளவு தளர்த்துங்கள். மறுபடி அமுக்கி விடுங்கள், மறுபடி தூக்கிப் பாருங்கள். நான்கைந்து முறை செய்தாலும் ஒரே விடை வர வேண்டும். வேறு வேறு விடை வந்தால் இன்னும் எங்கோ பிடிக்கிறது, மேலே சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள்.

கண்ணாடியில் ட்வீக் சரியாக இருக்கிறது. டிராக்கில் மட்டும் ஒரு பக்கம் மோசமாகத் திரும்புகிறது. ஏன்?

மோட்டார் ஒயரைப் பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு முழு மாலை பிடித்தது. வலது திருப்பம் தங்கமாக இருக்கும், இடது திருப்பத்தில் பின்பக்கம் வீசும். திருகை இறுக்குவேன், கண்ணாடியில் சரியாகும், ஓட்டினால் அதே கதை. கடைசியில் பாட் பெட்டியைக் கையால் சாய்த்து விட்டபோதுதான் கவனித்தேன்: அது நடுவுக்கு வராமல் ஒரு பக்கமாகவே திரும்பி வந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஸ்பீடு கண்ட்ரோலர் சேஸிஸில் இருக்கிறது, மோட்டார் பாடில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் மூன்று தடித்த ஒயர்களை, பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று குட்டையாக வெட்டி விறைப்பாகச் சால்டர் செய்திருந்தேன். அவை மூன்றும் சேர்ந்து நான்காவது ஸ்பிரிங்காக வேலை செய்துகொண்டிருந்தன. மெல்லிய இழைகள் கொண்ட மிருதுவான ஒயரை வளைவு விட்டுக் கட்டியதும் நோய் போய்விட்டது. சென்சார் ஒயருக்கும் இதே விதிதான்: மெல்லியதுதானே என்று இழுத்துக் கட்டிவிடாதீர்கள்.

ஒயரிலும் குற்றமில்லை என்றால் எடைச் சமநிலையைப் பாருங்கள். சேஸிஸின் நடுக்கோட்டில் முன்னொன்று பின்னொன்றாக இரு முனைகளில் வண்டியை நிறுத்தினால் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. ரிசீவர், கண்ட்ரோலர் இவற்றை நகர்த்தியும், தேவைப்பட்டால் சிறு ஈயத் துண்டு ஒட்டியும் சமன் செய்யலாம்.

டயர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லாவற்றையும். பான் காரின் பிடிமானத்தில் பெரும் பங்கு ஃபோம் டயருக்குத்தான். ஒரு ஸ்பிரிங் மாற்றத்தில் கிடைப்பதைவிட ஒரு டயர் மாற்றத்தில் பல மடங்கு கிடைக்கும்.

மிருதுவான ஃபோம் அதிகமாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். வழக்கமாகப் பின்னால் மிருது, முன்னால் கொஞ்சம் கடினம். முன்னாலும் மிருதுவாகப் போட்டால் வண்டி திருப்பத்தின் நுழைவில் கூர்மையாகத் திரும்பும், கூடவே வாலையும் வீசும். விட்டத்தைப் பொறுத்தவரை, 1/12 கார்பெட் பந்தயத்தில் 42 மி.மீ. வாக்கில் தொடங்குவது பொதுவான வழக்கம். சின்ன டயர் வண்டியின் எடையைத் தரைக்கு நெருக்கமாக்கும், ஃபோமும் மெலிதாவதால் நெளிவு குறைந்து துடிப்பாக இருக்கும். ஆனால் குண்டும் குழியுமான தரையில் அதே சின்ன டயர் வண்டியைத் துள்ள வைக்கும்.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் டயரின் உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் காலிப்பரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் டயர் உள் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, அதிகம். தட்டையாகத் தேய வேண்டும். கேம்பர் எவ்வளவு வைக்கலாம் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை, டயரே சொல்லிவிடும்.

டயர் சாஸ் எவ்வளவு, எத்தனை நேரம்?

ஃபோமில் பூசும் பிடிமான திரவத்தைத்தான் சாஸ் என்கிறோம். சில டிராக்குகளில் எந்த திரவம் அனுமதி, எத்தனை நிமிடம் என்று விதியே இருக்கும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, பின் டயர் முழு அகலத்துக்கும், முன் டயரில் உள் பாதிக்கும் பூசி 20 முதல் 30 நிமிடம் ஊற விட்டு, ஓட்டுவதற்கு முன் நன்றாகத் துடைத்துவிடுவது நல்ல தொடக்கம். திருப்பம் போதவில்லையா, முன்னால் பாதியை முக்கால் ஆக்குங்கள். அதிகமா, கால் பங்காகக் குறையுங்கள். ஸ்பேனரே எடுக்காமல் செய்யக்கூடிய செட்டிங் இதுதான், பந்தய நாளில் நான் முதலில் தொடுவதும் இதைத்தான்.

தரை இடைவெளி எவ்வளவு?

வழவழப்பான கார்பெட்டில் 3 முதல் 4 மி.மீ. தார்த் தளத்தில் 4-க்கு மேல். பின்னால் ஆக்ஸிலைத் தாங்கும் மையம் விலகிய வளையங்களை மாற்றியும், முன்னால் கையின் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தும் சரி செய்யலாம். டயர் தேயத் தேய வண்டி இறங்கிக்கொண்டே வரும் என்பதால் ஓட்டத்துக்கு ஓட்டம் அளக்க வேண்டும். விட்டத்தில் 1 மி.மீ. தேய்ந்தால் வண்டி அரை மி.மீ. இறங்கும்.

சென்டர் ஷாக்கில் என்னென்ன மாற்றலாம்?

மூன்று: நீளம், ஸ்பிரிங், எண்ணெய்.

ஓடத் தயாரான வண்டியைத் தரையில் வைத்தால் சேஸிஸின் அடியும் பாடின் அடியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஷாக்கின் காலரைத் திருகி இதைக் கொண்டு வாருங்கள். அப்புறம், பாடுக்கு முன்னால் சேஸிஸை மெல்லத் தூக்குங்கள். பின் சக்கரம் தரையை விடும் முன் சேஸிஸ் எவ்வளவு மேலே வருகிறதோ அதுதான் டிரூப். 1 மி.மீ. பக்கத்தில் தொடங்கலாம். டிரூப் கூடினால், வேகம் கூட்டும் திராட்டிலை விடும்போது எடை தாராளமாக முன்னால் போகும், நுழைவில் திருப்பம் கூடும். குறைந்தால் வண்டி அடங்கி, சட்டென்று பதில் சொல்லும்.

மிருதுவான ஸ்பிரிங் போட்டால் வேகம் கூட்டும்போது பின்பக்கம் நன்றாக உட்கார்ந்து பிடிக்கும், ஆனால் முன்பக்கம் லேசாகி, திருப்பத்திலிருந்து வெளியேறும்போது அகலமாகப் போகும். கடினமான ஸ்பிரிங் இதற்கு நேர் எதிர். வெளியேறும்போது திரும்ப மறுக்கிறதே என்று முன் டயரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை இந்த ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்கிப் பார்க்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம்: காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. குமிழோடு இருக்கும் ஷாக் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு மாதிரி நடந்துகொள்ளும்.

சைடு ஸ்பிரிங், டேம்பர் டியூப்?

சைடு ஸ்பிரிங் மிருதுவானால் வண்டி அதிகம் சாயும், பின்பக்கப் பிடிப்பு கூடும், பதில் தாமதமாகும். கடினமானால் துடிப்பு கூடும், பின்பக்கப் பிடிப்பு குறையும், திருப்பம் அதிகம்போல் தோன்றும். பிடிமானம் குறைந்த தளத்தில் மிருது, நிறைந்த தளத்தில் கடினம் என்று வைத்துக்கொள்ளலாம்.

டியூபுக்குள் போடும் தடித்த சிலிக்கான் மசகு, சாய்வின் வேகத்தை அடக்குகிறது. வண்டி ஸ்டியரிங்கைத் தொட்டதும் பதறினால் தடித்த மசகு. சோம்பலாக இருந்தால் இளகியது. சோதனை எளிது: சேஸிஸின் ஒரு ஓரத்தை விரலால் அமுக்கி விடுங்கள். நிதானமாக எழுந்து நடுவில் வந்து நிற்க வேண்டும். நடுவைத் தொடாமல் ஒரு பக்கம் நின்றுவிட்டால் மசகு மிகத் தடிப்பு, அல்லது உள்ளே தூசி. இந்தத் தூசி விஷயத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு பந்தய நாளுக்கு முன்னும் டியூபைத் துடைத்துப் புது மசகு போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

முன்பக்கத்தில் என்ன செய்யலாம்?

ஸ்பிரிங் மிருதுவானால் திருப்பம் கூடும், கடினமானால் வண்டி அமைதியாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஸ்பிரிங் இருக்க வேண்டும். வளைந்த ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கிங்பின்னில் பழைய மசகு உலர்ந்து பிசினாகியிருந்தால் முன்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டிபோல ஆகிவிடும்.

கேஸ்டர் என்பது கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. சாய்வு கூடினால், திருப்பும்போது வெளிச் சக்கரம் தலையை உள்ளே சாய்த்துத் தரையைப் பிடிக்கும். பல வண்டிகளில் மேல் கையின் அச்சே சாய்வாக இருக்கும், அதனால் முன்பக்கம் அமுங்கும்போது கேஸ்டர் தானாகக் கூடும். கோணத்தை மாற்றும்போது கேம்பரும் நகர்ந்துவிடும், மறுபடி அளக்க மறக்காதீர்கள்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்களின் முனை விரிந்தோ குவிந்தோ நிற்கும் கோணம்: லேசாக வெளிப்பக்கம் விரிந்தால் நுழைவில் சுறுசுறுப்பு, உள்பக்கம் குவிந்தால் நேர்ச் சாலையில் நிதானம். 1 பாகைக்கு மேல் போகத் தேவைப்பட்டதில்லை.

திருப்பத்தில் வண்டி கவிழ்கிறது. பிடிமானம் குறைவாலா?

இல்லை, கூடுதலால். வெளிப்பக்க முன் டயர் கார்பெட்டைக் கவ்விக்கொள்கிறது, வண்டி அதன்மேல் உருண்டுவிடுகிறது. முன் டயரின் வெளிச் சுவரில் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகத் தடவி காய விடுங்கள். சுவர் வழுக்கும், கவ்வாது. வெளி விளிம்பின் கூரிய முனையை உப்புத்தாளால் உருட்டிவிடுவதும் உதவும். முன் சாஸ் அகலத்தைக் குறையுங்கள், சின்ன டயர் போடுங்கள், தரை இடைவெளியை விதி அனுமதிக்கும் அளவு இறக்குங்கள். நாள் போகப் போக டிராக்கில் பிடிமானம் ஏறிக்கொண்டே போகும். காலையில் சரியாக இருந்த வண்டி மாலையில் கவிழ்வது அதனால்தான்.

டயர் தேய்ந்தால் கியரையும் மாற்ற வேண்டுமா?

ஆம். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் வண்டி நகரும் தூரத்துக்கு ரோல்அவுட் என்று பெயர். டயர் விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கி, பினியன் (மோட்டாரில் உள்ள பல்சக்கரம்) பல் எண்ணிக்கையால் பெருக்கி, ஸ்பர் (அது சுழற்றும் ஆக்ஸில் பல்சக்கரம்) பல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும். 42 மி.மீ. டயர், 40 பல் பினியன், 84 பல் ஸ்பர் என்றால் 62.8 மி.மீ. அதே டயர் 40 மி.மீ.-ஆகத் தேய்ந்தால் 59.8 ஆகிவிடும். 42 பல் பினியன் போட்டால் மறுபடி 62.8. கியரைத் தொடாமல் விட்டவர், வண்டி மந்தமாகிவிட்டது என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பால் டிஃப் எவ்வளவு இறுக்கம்?

இரண்டு பின் சக்கரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். வழுக்கக்கூடாது. வழுக்கினால் எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். கிளம்பும்போது கீச்சென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். பந்துகளும் வளையங்களும் சில நொடிகளில் பாழாகும். அதற்காக மிகவும் இறுக்கினால் நுழைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். கரகரவென்று சுற்றும் டிஃபை இறுக்கிச் சரி செய்ய முடியாது, கழற்றி வளையத்தை நுண்ணிய உப்புத்தாளில் சமமாகத் தேய்த்து, சுத்தம் செய்துதான் மாட்ட வேண்டும்.

முதல் மூன்று நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு மாறிவிடுகிறது. என்ன காரணம்?

1/12 பந்தயம் வழக்கமாக 8 நிமிடம், அதனால் இது முக்கியமான கேள்வி. பயிற்சியில் மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு செட்டிங் முடிந்தது என்று வண்டியை எடுத்துவிடாதீர்கள், முழு நேரமும் ஓட்டுங்கள்.

ஓட்டத்தின் பின்பகுதியில் வண்டி திரும்ப மறுத்தால், முன் டயரில் சாஸ் தீர்ந்துவிட்டது. அகலத்தைக் கூட்டுவதைவிட இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக ஊற விடுவது பலன் தரும். கடைசியில் வால் வீசினால், ஓட்டம் முடிந்த கையோடு பின் டயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் ஒரு படி கடினமான ஃபோமுக்குப் போகலாம். டயர் சாதாரணமாக இருந்தால் டிஃபைச் சோதியுங்கள், சூட்டில் தளர்ந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் வண்டியை மறுபடி கண்ணாடியில் வைத்து, கத்தி முனையால் தூக்கிப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் எங்காவது டிராக் ஓரப் பலகையில் முட்டி லிங்க் ஒன்று கிண்ணத்திலிருந்து பாதி கழன்றிருக்கும். வெளிப்பார்வைக்கு மாட்டியிருப்பது போலவேதான் தெரியும்.